வயலில் யூரியா, இரத்தத்தில் யூரியா: நைட்ரஜன் பாடம் எனக்குக் கற்பித்தவை

ஒன்பதாம் வகுப்பில் நைட்ரஜன் சுழற்சி நடத்தத் தொடங்கிய நாள் அது. மாணவர்களுக்கு முன்பே என்ன தெரியும் என்று அறிந்துகொள்ள, "யூரியாங்கிற பேரை எங்கெல்லாம் கேட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "வயல்ல", "உரக்கடையில", "சொசைட்டியில" என்று பதில்கள் வந்தன. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், "எங்கப்பா ரத்தத்துல இருக்கு, டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் பாதி சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த இரண்டு தாள்களை எடுத்து வந்து நீட்டினாள். அவள் அப்பாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள். முதல் தாளில் யூரியா 96 என்று இருந்தது. ஆறு வாரம் கழித்து வேறொரு பரிசோதனைக் கூடத்தில் எடுத்த இரண்டாம் தாளில் 45.

அவள் அப்பா கூலிக்கு உரம் இறைக்கப் போகிறவர். இருபது வருடமாக வெறுங்கையால் யூரியா இறைத்ததால் அது உடம்பில் ஏறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம். உரத்தை முறிக்க என்று ஒருவர் கஷாயம் கொடுத்திருக்கிறார். கஷாயம் குடிக்கும்போது வேறு மருந்து கூடாது என்றதால் மருத்துவமனை மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரத்தில் 96 என்பது 45 ஆகிவிட்டது. கஷாயம் வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மறுபரிசோதனைக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளில் யாரும் போகவில்லை. யூரியா போட்டு விளைந்த அரிசி என்பதால் இந்தப் பெண் இரவில் சோறு சாப்பிடுவதையும் குறைத்திருந்தாள்.

நானும் அந்த இரண்டு எண்களைப் பார்த்தேன். "பரவாயில்லையேம்மா, குறைஞ்சிருக்கே" என்று சொல்லித்தான் அவளை அனுப்பினேன். அன்றிரவு பாடக்குறிப்பு எழுதும்போதுதான் இரண்டாம் தாளில் யூரியாவை அடுத்து அச்சாகியிருந்த ஒரு சொல் நினைவுக்கு வந்தது. அது என்ன என்பதைக் கணக்குப் பகுதியில் சொல்கிறேன்.

பதினெட்டு ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறேன். இத்தனை ஆண்டும் யூரியாவை உரம் என்ற தலைப்பின் கீழ் மட்டுமே நடத்தியிருக்கிறேன். கழிவு நீக்க மண்டலம் நடத்தும்போது யூரியா என்ற சொல் மறுபடி வரும். இரண்டும் ஒரே பொருள்தான் என்று ஒரு முறைகூட நான் நிறுத்திச் சொன்னதில்லை. வேதியியல் ஒரு பருவத்தில், உயிரியல் ஒரு பருவத்தில். நடுவில் இருந்த பள்ளத்தில் ஒரு குடும்பம் விழுந்துவிட்டது. அதன்பின் அந்தப் பாடத்தை ஆறு பாடவேளைகளாக மாற்றி அமைத்தேன். அந்த அமைப்பையே இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: 'உயிரற்றது' என்று பெயர் பெற்ற வாயு

காற்றில் சுமார் 78 விழுக்காடு நைட்ரஜன். இதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது என் பழைய வழக்கம். இப்போது ஒரு சிப்ஸ் பாக்கெட்டோடு தொடங்குகிறேன். "பாதி பாக்கெட் காத்துதான் இருக்கு, ஏமாத்துறாங்க" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தக் காற்று பெரும்பாலும் நைட்ரஜன். ஆக்சிஜன் இருந்தால் எண்ணெய் காறிப்போகும். நைட்ரஜன் எதனோடும் எளிதில் வினைபுரியாது என்பதால் அதை நிரப்புகிறார்கள்.

எளிதில் வினைபுரியாதது ஏன்? இரண்டு நைட்ரஜன் அணுக்களை மூன்று சகப்பிணைப்புகள் பிணைத்திருக்கின்றன. ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிரிக்க சுமார் 498 கிலோ ஜூல் ஆற்றல் போதும். ஒரு மோல் நைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிரிக்க சுமார் 945 கிலோ ஜூல் வேண்டும். இரண்டு மாணவர்களின் இடுப்பை ஒரு கயிற்றாலும், பிறகு மூன்று கயிறுகளாலும் சேர்த்துக் கட்டி, மற்றவர்களைப் பிரிக்கச் சொன்னேன். மூன்று கயிறு கட்டிய ஜோடியைப் பிரிக்க வகுப்பில் பாதிப்பேர் வேண்டியிருந்தது. முப்பிணைப்பை அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை.

வரலாற்றையும் சிறிது சேர்க்கலாம். 1772இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேனியல் ரூதர்ஃபோர்டு இந்த வாயுவைப் பிரித்தறிந்தார். அதில் எலி உயிர் வாழவில்லை, மெழுகுவத்தி எரியவில்லை. லவாய்சியர் இதற்கு 'உயிரற்றது' என்னும் பொருளில் அசோட் என்று பெயரிட்டார். பிரெஞ்சு மொழியில் இன்றும் அதுவே பெயர். ஆனால் புரதம், மரபுப் பொருளான டி.என்.ஏ., இலையின் பச்சையம், இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆகிய அனைத்திலும் நைட்ரஜன் உண்டு. உயிரற்றது என்று பெயர் வைத்த பொருள் இல்லாமல் எந்த உயிரும் இல்லை. "நைட்ரஜன் பயனற்ற வாயு" என்று கரும்பலகையில் எழுதும் பழக்கம் நம்மில் யாருக்காவது இருந்தால், இன்றோடு விட்டுவிடலாம்.

இரண்டாம் பாடவேளை: முடிச்சை அவிழ்க்கும் மூன்று வழிகள்

தலைக்கு மேல் நைட்ரஜன் கடலே இருந்தும் பயிர் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. முப்பிணைப்பு அவிழ வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி மின்னல். அதன் கடும் வெப்பத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஆக்சைடுகளாகி, மழையில் கரைந்து, நைட்ரேட்டாக மண்ணுக்கு வருகின்றன. அளவில் இது சிறிய பங்குதான்.

இரண்டாம் வழி பாக்டீரியா. இதைப் புத்தகப் படத்தோடு முடித்துவிடாமல், ஒரு நிலக்கடலைச் செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிக் காட்டுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். பூ பூத்திருக்கும் பருவத்துச் செடி நல்லது. கடலை கிடைக்காத இடங்களில் உளுந்து, தட்டைப்பயறு, தக்கைப்பூண்டு போதும். ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்யும் முடிச்சு. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

அந்தச் சிவப்பு எதனால் என்பதுதான் இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நைட்ரஜனேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் தேவை. இந்தச் சிக்கலைத் தீர்க்க முடிச்சுக்குள் லெக்ஹீமோகுளோபின் என்ற நிறமி இருக்கிறது. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான பொருள் அது. ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து அளந்து கொடுக்கிறது. "கடலை வேர்லயும் ரத்தமா, டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "இரத்தம் இல்லை, ஆனால் இரத்தத்தின் சிவப்புக்கு உறவு" என்றேன்.

ஓர் எச்சரிக்கை. வேரில் இருக்கும் வீக்கம் எல்லாம் ரைசோபிய முடிச்சு அல்ல. நூற்புழு தாக்கினாலும் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும். ரைசோபிய முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தட்டினால் உதிரும். நூற்புழு வீக்கம் வேரே பருத்தது, உதிராது. விவசாய வீட்டுப் பிள்ளைகள் இதை வீட்டில் போய்ச் சொன்னால் அப்பாக்களுக்கும் பயன்படும்.

மூன்றாம் வழி தொழிற்சாலை. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரித்துக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார்; 1913இல் ஓப்பாவ் என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. இரும்பு வினைவேக மாற்றி, ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அளவிலான அழுத்தம் தேவைப்பட்டன. கடலை வேர் இதே வேலையை மண்ணின் வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில் செய்கிறது. இந்த ஒப்பீட்டைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதினால், ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் உணவு இந்த அம்மோனியாவை நம்பி இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஹேபருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே ஹேபர்தான் முதல் உலகப் போரில் குளோரின் வாயுவை ஆயுதமாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் அது பயன்படுத்தப்பட்டது. அம்மோனியாவிலிருந்து உரமும் வரும், வெடிமருந்தும் வரும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது கிடங்கில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த அம்மோனியம் நைட்ரேட். "அப்போ அவர் நல்லவரா, கெட்டவரா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்லாமல் ஐந்து நிமிடம் பேச விட்டேன். அந்த ஐந்து நிமிடமும் பாடம்தான்.

மூன்றாம் பாடவேளை: ஒரே யூரியா, இரண்டு ஊற்று

யூரியாவை மனிதன் முதலில் கண்டது மூட்டையில் அல்ல, சிறுநீரில். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். உயிருள்ள உடலால் மட்டுமே இத்தகைய பொருள்களை ஆக்க முடியும் என்ற நம்பிக்கை அன்று வலுவாக இருந்தது. 1828இல் ஃபிரெட்ரிக் வோலர் ஆய்வகத்தில் அம்மோனியம் சயனேட்டைத் தயாரிக்க முயன்றபோது கிடைத்த படிகங்கள் யூரியா. சிறுநீரகமே இல்லாமல் யூரியா கிடைத்துவிட்டதை அவர் தம் ஆசிரியர் பெர்சிலியசுக்குக் கடிதமாக எழுதினார். சிறுநீரில் இருப்பதும் குடுவையில் கிடைத்ததும் ஒன்றே என்று அன்றே தெரிந்துவிட்டது. நான்தான் என் வகுப்பில் அதைச் சொல்லத் தவறினேன்.

தொழிற்சாலை வழி: அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து யூரியா.

உடல் வழி: நாம் உண்ணும் பருப்பு, முட்டை, மீன், அரிசியில் உள்ள புரதம் அமினோ அமிலங்களாகச் செரிக்கிறது. உடலைக் கட்டத் தேவையானது போக மீதியும், உடலில் அன்றாடம் சிதையும் பழைய புரதமும் உடைபடும்போது அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா மூளைக்கு நஞ்சு. ஆகவே கல்லீரல் அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து, அதைவிடப் பலமடங்கு தீங்கு குறைந்த யூரியாவாக மாற்றுகிறது. இந்தச் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்சலைட்டும் 1932இல் வெளியிட்டார்கள். கல்லீரல் ஆக்கிய யூரியாவை இரத்தம் சுமந்து செல்கிறது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது.

மூலப்பொருள்கள் இரண்டிடத்திலும் ஒன்றே. தொழிற்சாலையும் கல்லீரலும் ஒரே பொருளைத்தான் ஆக்குகின்றன.

ஆகவே நம் எல்லோருடைய இரத்தத்திலும் யூரியா இருக்கிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 15 முதல் 40 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது அளவு ஏறுகிறது. உடலில் நீர்ச்சத்து குறைந்தாலும் ஏறும். அதனால்தான் மருத்துவர் யூரியாவை மட்டும் பார்க்காமல் கிரியாட்டினின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறார். கிரியாட்டினினும் ஒரு நைட்ரஜன் சேர்மமே.

வெறுங்கையால் இறைத்தால் யூரியா உடம்பில் ஏறுமா? பித்தவெடிப்புக்கும் வறண்ட தோலுக்கும் தடவும் களிம்புகள் பலவற்றில் யூரியா சேர்க்கிறார்கள். உரம் இறைப்பதால் தோல் வழியே புகுந்து இரத்தத்தில் இந்த அளவுக்குத் தேங்காது. அதற்காக யூரியா விளையாட்டுப் பொருள் அல்ல. யூரியா கரைத்த தண்ணீரைக் குடித்த மாடு இறந்துபோவதைக் கிராமத்துப் பிள்ளைகள் அறிவார்கள். மாட்டின் அசைபோடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் யூரியாவை வேகமாக அம்மோனியாவாக்கிவிடுவதே காரணம்.

அந்த அரிசியைச் சாப்பிடலாமா? பயிர் மண்ணிலிருந்து நைட்ரஜனைப் பெரும்பாலும் அம்மோனியம், நைட்ரேட் வடிவில் எடுத்துப் புரதமாக்குகிறது. சோற்றில் நாம் உண்பது அந்தப் புரதத்தை. சாணம் போட்ட வயலிலும், தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலிலும் பயிர் செய்யும் வேலை இதுவே. இதை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவியைப் பார்க்காமல் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

உயிரினங்களை ஒப்பிடவும் இது நல்ல இடம். தண்ணீரில் வாழும் மீன் அம்மோனியாவை அப்படியே வெளியேற்றிவிடும். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே. நாம் யூரியாவாக்கி வெளியேற்றுகிறோம். தண்ணீரைச் சேமிக்க வேண்டிய பறவையும் பல்லியும் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. வகுப்பறைச் சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தின் வெள்ளை நுனி அதுதான்.

நான்காம் பாடவேளை: கணக்கு

யூரியாவின் மூலக்கூறு நிறை 60. அதில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டு, நிறை 28. அப்படியானால் நைட்ரஜன் பங்கு 28 வகுத்தல் 60, அதாவது சுமார் 46 விழுக்காடு. உர மூட்டையில் அச்சிட்டிருக்கும் 46 இதுதான். வீட்டில் கிடக்கும் காலிச் சாக்கைக் கொண்டுவரச் சொன்னால் பிள்ளைகளே சரிபார்ப்பார்கள். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன்.

அடுத்து சத்துணவு முட்டை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். புரதத்தின் நிறையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். எனவே ஒரு முட்டையில் ஏறத்தாழ 1 கிராம் நைட்ரஜன். அது முழுவதும் யூரியாவானால் சுமார் 2 கிராம். வளரும் பிள்ளையின் உடலில் ஒரு பகுதி தசையாகத் தங்கிவிடும்.

நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் இந்த முறைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் புரதம் அதிகம் இருப்பதுபோல் காட்ட மெலமைன் கலந்தார்கள். மெலமைனின் நிறையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனை நைட்ரஜனைக் கண்டது. புரதம் என்று கணக்கிட்டது. சுமார் மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குச் சிறுநீரகக் கல் உண்டானது. ஆறு குழந்தைகள் இறந்தார்கள்.

இனி அந்த இரண்டு தாள்கள். முதல் தாளில் 'யூரியா' என்று இருந்தது. இரண்டாம் தாளில் 'யூரியா நைட்ரஜன்' என்று இருந்தது. முதல் கூடம் யூரியா முழுவதையும் எடை போட்டுச் சொன்னது. இரண்டாம் கூடம் அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் சொன்னது. இயல்பு அளவும் இரண்டு தாளில் இரண்டு விதம்: முதலாவதில் 15 முதல் 40 வரை, இரண்டாவதில் 7 முதல் 20 வரை.

மறுநாள் மாணவியைத் தனியே அழைத்து, 45ஐ 60ஆல் பெருக்கி 28ஆல் வகுக்கச் சொன்னேன். தாளில் போட்டுப் பார்த்தாள். 96.4 வந்தது. மறுபடி ஒரு முறை போட்டாள்.

"அப்போ குறையவே இல்லையா, டீச்சர்?"

"குறையலம்மா. நேத்து நான் சொன்னது தப்பு."

அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்வது எளிதாக இல்லை. ஆனால் அவளுக்கு அழுகை வருவதற்கு முன்பு ஒரு கேள்வி வந்தது: "இந்தக் கணக்கை எங்கப்பாகிட்ட நான் போட்டுக் காட்டட்டுமா?" அன்று மாலை கிராமச் சுகாதாரச் செவிலியரையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மருந்து பற்றி நான் எதுவும் பேசவில்லை. அது என் வேலை அல்ல. மகள் சிலேட்டில் கணக்கைப் போட்டாள். செவிலியர் மற்றதைப் பேசினார். அந்த வாரமே அவர் மறுபடி அரசு மருத்துவமனைக்குப் போனார்.

வகுப்பில் இதே கணக்கை நடத்தும்போது வேறு எண்களையே கொடுத்தேன். ஒரு மாணவரின் வீட்டு நோயை வகுப்பறை எடுத்துக்காட்டாக்கக் கூடாது. 'யூரியா நைட்ரஜன் 14 என்றால் யூரியா எவ்வளவு?' என்ற வினா போதும். விடை 30. இரண்டும் இயல்பு.

ஐந்தாம் பாடவேளை: கொள்ளும் மஞ்சளும்

தேவையானவை: ஒரு தேக்கரண்டி யூரியா, ஒரு கைப்பிடி கொள்ளு, மூன்று டம்ளர்கள், மஞ்சள் தாள் அல்லது சிவப்பு லிட்மஸ் தாள். மஞ்சளைக் குழைத்துத் தாளில் தடவி உலர்த்தினால் மஞ்சள் தாள் தயார்.

இரவு ஊறவைத்த கொள்ளை அரைத்துச் சாறு வடிகட்டுங்கள். பாதிச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் யூரியாவைக் கரையுங்கள். அப்போதே டம்ளரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சில்லென்று இருக்கும். வெப்பங்கொள் நிகழ்வுக்கு இதைவிட எளிய சான்று இல்லை. கரைசலை மற்ற இரண்டு டம்ளர்களிலும் பங்கிட்டு, ஒன்றில் பச்சைச் சாற்றையும் மற்றொன்றில் கொதித்து ஆறிய சாற்றையும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டிலும் மஞ்சள் தாளைத் தோய்த்துப் பாருங்கள். பச்சைச் சாறு ஊற்றியதில் தாள் செம்பழுப்பாகும். மெல்லிய நெடியும் வரும். கொதித்த சாற்றில் மாற்றம் இராது.

கொள்ளில் உள்ள யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடுகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிரிகளும் இதைத்தான் செய்கின்றன. காய்ந்த மண்ணின் மேல் யூரியாவைத் தூவி விட்டுவிட்டால் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும் என்று அப்பாவிடம் சொல்ல ஒரு செய்தி பிள்ளைக்குக் கிடைக்கிறது.

கழிப்பறை நெடியும் இதே வினைதான். புதிதாக வெளியேறும் சிறுநீரில் அம்மோனியா நெடி இராது. தேங்கும்போது பாக்டீரியா யூரியாவை உடைப்பதால்தான் நெடி. உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பத்து ஆண்டுகளாக அறிவுரை சொன்னேன். இந்தச் சோதனைக்குப் பிறகு வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பிள்ளைகளே பார்க்கிறார்கள்.

பாதுகாப்பு: யூரியாவைச் சுவைக்கவோ சூடாக்கவோ விடாதீர்கள், கை கழுவச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடரை அம்மோனியா உள்ள எதனோடும் கலக்கக் கூடாது. மூச்சுக்குழலைத் தாக்கும் குளோரமின் உண்டாகும். சிறுநீர் தேங்கிய இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். தூய்மைப் பணியாளரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஆறாம் பாடவேளை: மருந்தும் நஞ்சும்

நைட்ரோ கிளிசரின் 1847இல் கண்டறியப்பட்ட வெடிபொருள். அதைப் பாதுகாப்பாகக் கையாளும் டைனமைட்டுக்கு ஆல்ஃபிரட் நோபல் 1867இல் காப்புரிமை பெற்றார். இறுதிக் காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மருந்தும் நைட்ரோ கிளிசரினே. அது உடலில் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. வாகனப் புகையில் வரும் மாசு என்று நாம் நடத்தும் அதே நைட்ரிக் ஆக்சைடை நம் இரத்தக் குழாய்களும் செய்திக்குறியாகச் சுரக்கின்றன. இதைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் கிடைத்தது நோபல் பெயரால் அமைந்த பரிசு. தாத்தா பாட்டி நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மறுபுறம் குடிநீர். மிகையாக இட்ட உரமும் கழிவுநீரும் நிலத்தடி நீரில் நைட்ரேட்டை ஏற்றுகின்றன. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இத்தகைய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். குழந்தை நீலம் பாயும். நைட்ரேட் காய்ச்சினால் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு இன்னும் கூடும். "தண்ணியைக் காய்ச்சிக் குடி" என்று எல்லாவற்றுக்கும் ஒரே அறிவுரை சொல்லும் நாம், கிருமிக்கு அது சரி, கரைந்த உப்புக்குப் பொருந்தாது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பதற்கு இது இன்னொரு காரணம்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு

சிறு பிள்ளைகளுக்கு முப்பிணைப்பு வேண்டாம். கடலைச் செடியின் வேரை அலசிப் பார்ப்பதும், மஞ்சள் தாளில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டுச் சிவப்பதும், பல்லி எச்சத்தின் வெள்ளை நுனியைக் காண்பதும் போதும். 'செடிக்கும் சாப்பாடு வேண்டும், நமக்கும் வேண்டும். மிச்சத்தை இரண்டு பேரும் மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறோம்' என்ற ஒரு கருத்து பதிந்தால், ஒன்பதாம் வகுப்பில் எங்கள் வேலை பாதியாகிவிடும்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. உன் இரத்தத்தில் யூரியா உண்டா? இருந்தால் எங்கிருந்து வந்தது?
2. கொதித்த கொள்ளுச் சாற்றில் மஞ்சள் தாள் ஏன் நிறம் மாறவில்லை?
3. கடலை வேர் செய்யும் வேலைக்குத் தொழிற்சாலைக்கு என்னென்ன தேவைப்பட்டன?
4. ஓர் அறிக்கையில் யூரியா 30, இன்னொன்றில் யூரியா நைட்ரஜன் 14. உடல்நிலை மாறிவிட்டது என்று சொல்லலாமா?
5. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைக் காய்ச்சினால் என்ன ஆகும்?

இந்த ஐந்தில் முதல் வினாவையே பாடம் தொடங்கும் முன்பும் கேளுங்கள். வரும் பதில்களைத் திருத்தாமல் எழுதி வைத்துக்கொண்டு, முடிந்த பின் ஒப்பிடுங்கள். என் வகுப்பில் முதல் நாள் நாற்பது பேரில் "உண்டு" என்றவள் ஒருத்தி. அவளைத்தான் நாங்கள் சிரித்தோம்.

அவள் அப்பாவுக்கு இப்போது தொடர் சிகிச்சை நடக்கிறது. சிறுநீரகம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்; மேலும் கெடாமல் காப்பதற்கே இப்போது மருந்து. நிறுத்தியிருந்த ஆறு வாரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. ஒவ்வொரு அறிக்கை வரும்போதும் மகள்தான் வாங்கிப் படிக்கிறாள். முதலில் பெயரைப் பார்ப்பாள், பிறகு அலகைப் பார்ப்பாள், பிறகு இயல்பு அளவைப் பார்ப்பாள், கடைசியாகத்தான் எண்ணைப் பார்ப்பாள். அந்த வரிசையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு முன் எனக்கு அதைக் கற்றுத்தந்தது அவள் கொண்டுவந்த இரண்டு தாள்கள்.